நாங்கள் வாங்கிய கிழமை

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஒரு கிழமை வாங்கினோம். வீடு அல்ல, காணி அல்ல, ஏழு நாள் கொண்ட ஒரு கிழமை. ரொறொன்ரோவிலிருந்து வடக்கே இரண்டு மணித்தியாலம் கார் ஓடினால் ஒரு பனிச்சறுக்கு மலை வரும். அதன் அடிவாரத்தில் இரண்டு படுக்கையறையும் குசினியும் உள்ள ஒரு வீடு. மார்ச் மாதப் பள்ளிக்கூட விடுமுறைக் கிழமையில் ஒவ்வொரு வருடமும் அது எங்களுக்கு. மற்றக் கிழமைகளில் வேறு ஆட்களுக்கு. இதற்கு ரைம்ஷெயர் என்று பெயர். அதையும் நாங்கள் கொம்பனியிடம் புதிதாக வாங்கவில்லை. முன்பே வாங்கி வைத்திருந்த ஒருவரிடமிருந்து கைமாற்றி வாங்கினோம்.

வாங்கத்தான் வேண்டும் என்று நின்றவள் நான். என் கணவருக்குப் பனியைக் கண்ணில் காட்டக்கூடாது.

அப்போது நாங்கள் மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட ஒட்டி ஒட்டிக் கட்டிய ரவுன்ஹவுஸ் வரிசையில் ஒரு வீட்டில் இருந்தோம். அவருக்கு இயந்திர உதிரிப்பாகங்கள் கடைகிற ஒரு தொழிற்சாலையில் வேலை. எனக்கு மார்க்கம் நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களுடன் ரெலிபோனில் கதைக்கிற வேலை. மாரி வந்தால் விடிய முதலே அவர் எழும்பி, வாசலில் கிடக்கிற பனியை வழித்து, கார்க் கண்ணாடியைச் சுரண்டி, ஏசிக்கொண்டுதான் வேலைக்குப் போவார்.

எல்லாவற்றையும் தொடக்கி வைத்தவள் மகள். ஐந்தாம் வகுப்பில் படித்த அவளைப் பள்ளிக்கூடத்தால் ஒருநாள் ஸ்கீ செய்யக் கூட்டிப் போனார்கள். பின்னேரம் பஸ்ஸால் இறங்கியவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றாள். கன்னம் இரண்டும் சிவந்து கிடந்தன.

"அம்மா, இற் வாஸ் சோ ஃபாஸ்ற்! நான் விழவே இல்லை. வெல், கொஞ்சம் விழுந்தனான்."

அன்று முழுக்க அவள் முழங்காலை மடித்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்தாள். தம்பியை, அவனுக்கு அப்போது ஏழு வயது, சோபாவில் ஏற்றிப் பழக்கினாள். எனக்கு அவளைப் பார்க்கச் சந்தோசமாகவும் இருந்தது, ஒருவிதப் பொறாமையாகவும் இருந்தது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து மாரியை ஒரு காய்ச்சல் மாதிரி, எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். வீடு, வேலை, அஜின்கோர்ட் தமிழ்க்கடை, யாராவது ஒருவர் வீட்டுப் பிறந்தநாள். இவள் ஒரே நாளில் அதற்குள் போய் விளையாடிவிட்டு வந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு ரெலிபோன் அழைப்பு வந்தது. மலையடிவாரத்தில் இரண்டு நாள் இலவசமாகத் தங்கலாம், ஒன்றரை மணித்தியாலம் ஒரு விளக்கம் கேட்டால் போதும், ஒரு சூட்கேஸும் தருவார்களாம். இலவசம் என்றபடியால் என் கணவரும் மறுக்கவில்லை.

போனோம். பிள்ளைகள் பனியில் உருண்டு புரண்டார்கள். நான் அந்த வீட்டின் யன்னலில் நின்று மலையைப் பார்த்தேன். கம்பியில் தொங்கிய கதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போக, மேலிருந்து ஆட்கள் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் வயதுப் பெண்கள், தலை நரைத்த ஆண்கள், இடுப்பளவு உயரச் சின்னப் பிள்ளைகள். எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. அதை நான் முகத்தில் காட்டவில்லை.

விற்க வந்த பையன் நல்லாகத்தான் கதைத்தான். படங்கள் காட்டினான், பிள்ளைகளுக்குச் சொக்கிலேற் கொடுத்தான். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்.

"இரண்டு வருடம் கழித்து எங்களுக்கு இது வேண்டாம் என்றால், நீங்களே திரும்ப வாங்குவீர்களா?"

அவன் குடும்பம் ஒன்றாக இருக்கிற சந்தோசத்தைப் பற்றிச் சொன்னான். நான் கேள்வியைத் திரும்பக் கேட்டேன். அவன் எழுந்துபோய்த் தன் மேலதிகாரியைக் கூட்டி வந்தான். அவரும் சந்தோசத்தைப் பற்றியே சொன்னார். கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் சுற்றி வருகிற ஆட்களுடன் கதைத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். நன்றி சொல்லி எழுந்தேன். என் கணவர் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னே நடந்தார்.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன்.

"இஞ்சருங்கோப்பா, அந்த வீடு எனக்கு வேணும்."

"இப்பதானே வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வாறீர்?"

"அவையளிட்ட வேண்டாமெண்டனான். வித்தவையளே திருப்பி எடுக்க மாட்டினமெண்டா, வாங்கிப்போட்டு என்ன செய்யிறதெண்டு தெரியாமல் எத்தினை சனம் இருக்கும்? அவையளிட்ட வாங்குவம். கால்வாசி விலைக்குத் தருவினம்."

"உமக்கு விசரே? உந்தப் பனியை மாசக்கணக்காச் சும்மா வழிச்சுத் தள்ளுறன். காசு குடுத்து வேற பனியிட்டப் போகோணுமே?"

அவரை நேரே மறித்துச் சண்டை பிடிப்பதில் பிரயோசனமில்லை என்பது கல்யாணம் கட்டின முதல் வருடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமைப் பேப்பரில் சின்ன விளம்பரங்களுக்குள் தேடினேன். நான் நினைத்தது சரிதான், விற்க நிறையப் பேர் இருந்தார்கள். நான் முதலில் அழைத்த ஆள் சொன்ன விலையைக் கேட்டு ரெலிபோனை இன்னொருமுறை காதில் அழுத்திப் பிடித்தேன், அவ்வளவு மலிவு. எந்தக் கிழமை என்று கேட்டேன். நவம்பர் தொடக்கம் என்றார். நவம்பர் தொடக்கத்தில் அந்த மலையில் புல்லும் சேறும்தான் இருக்கும். இன்னொருவருடைய கிழமைக்கு நாள் குறிக்கப்படவில்லை, வருடா வருடம் ரெலிபோனில் காத்துக்கிடந்து கிடைக்கிற கிழமையை எடுக்கவேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது சரிவராது. இரண்டையும் விட்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை, மார்ச் விடுமுறைக் கிழமை, நிரந்தரமாக என்று ஒரு விளம்பரம் வந்தது. விற்கிறவர்கள் மார்க்கத்திலேயே, பழைய வீடுகள் உள்ள பகுதியில் இருந்தார்கள்.

ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளை என் கணவரின் தமக்கை, மச்சாள் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் போனோம்.

கதவைத் திறந்தது அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. பின்னால் ஊன்றுகோலுடன் நெட்டையான ஒரு மனிதர். அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை, இனி ஸ்கீ செய்யக்கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். மாரிக்கு அமெரிக்காவின் வெயில் பக்கம் போய் இருக்கவேண்டும் என்பது மனைவியின் விருப்பம். தேத்தண்ணி தந்தார்கள். மேசையடியில் இருந்த சில நிமிடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, விற்கத் துடிப்பது அந்த அம்மா, அவருக்கு விற்க மனமில்லை. எங்கள் பக்கத்தில் வாங்கத் துடிப்பது நான்.

அவர் என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கள் ஸ்கீ செய்வீர்களா?"

"இல்லை."

"நீங்கள்?" என்று என் பக்கம் திரும்பினார்.

"இல்லை. இன்னும் இல்லை."

"அப்படியானால் ஏன் இதை வாங்கப் பார்க்கிறீர்கள்?"

அவருடைய மனைவி குறுக்கிட்டார். "வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரிக் கேள்வி கேட்கவேண்டாம்."

"பரவாயில்லை, சொல்கிறேன்" என்றேன். "என்னுடைய பிள்ளைகள் இந்த ஊரில்தான் வளரப்போகிறார்கள். வருடத்தில் பாதி இங்கே மாரி. அதை யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு வளர்வதை நான் விரும்பவில்லை. நானும் யன்னலுக்குள்ளால் பார்க்க விரும்பவில்லை. பழகினால் எனக்கும் வரும்."

அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து, "வாருங்கள், உங்களுக்கு ஒன்று காட்டுகிறேன்" என்று என் கணவரைக் கீழே, நிலத்துக்கு அடியிலுள்ள பேஸ்மென்றுக்குக் கூட்டிப் போனார். என் கணவர் போகும்போது என்னைப் பார்த்த பார்வை, வேண்டாத இடத்தில் கொண்டுவந்து மாட்டிவிட்டாயே என்பது போல இருந்தது.

நானும் அந்த அம்மாவும் தனியே இருந்தோம். அவர் அந்த வீட்டின் குறைகளை எல்லாம் தாமாகவே சொன்னார். அங்குள்ள கத்திகள் வெட்டாது, சொந்தக் கத்தி கொண்டு போகவேண்டும். மேல் அறை சூடு. பராமரிப்புக் கட்டணம் வருடா வருடம் ஏறும், ஒருபோதும் இறங்காது. குறையைச் சொல்லி விற்கிறவரை நம்பலாம் என்று எனக்குப் பட்டது.

"கட்டணத்தில் பாக்கி ஒன்றும் இல்லையே?"

"இல்லை."

"நாளைக்கு மலையடிவார அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்பேன். குறை நினைக்கக்கூடாது."

"கேட்கத்தான் வேண்டும். நான் என்றாலும் கேட்பேன்."

அவர் கேட்ட விலைக்கு நான் இன்னும் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். அவர் பேஸ்மென்றுப் படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சரி, அவர் மேலே வருவதற்குள் முடிப்போம்" என்றார். கை கொடுத்தோம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவருக்கும்தான்.

ஆண்கள் இருவரும் வெகுநேரம் கழித்துத்தான் மேலே வந்தார்கள். என் கணவர் கையில் ஒரு பெரிய ஸ்கீச் சப்பாத்து இருந்தது. அதைப் பிடித்திருப்பதையே அவர் மறந்துவிட்டார் போலிருந்தது.

"முடிந்துவிட்டதா?" என்று அந்த மனிதர் மனைவியைக் கேட்டார்.

"முடிந்துவிட்டது."

அவர் கதிரையில் இருந்து, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டார். மனைவி அவருடைய தோளில் கை வைத்தார். பிறகு அவர் எங்களிடம், காலையில் முதல் கதிரை எத்தனை மணிக்கு மேலே போகும், எந்தப் பக்கச் சரிவில் பின்னேரம் வெயில் படும், எங்கே பனி இறுகிக் கண்ணாடிபோல் கிடக்கும் என்றெல்லாம் சொன்னார். நான் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டேன். அவர் விற்றது எவ்வளவு பெரிய பொருள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கார் ஸ்ரீல்ஸ் வீதியில் திரும்பியது. என் கணவர் தானாகவே தொடங்கினார்.

"அந்தச் சப்பாத்தையும் சறுக்குக் கட்டையையும் பிடிச்சிருக்கிற ஒரு பூட்டு இருக்கு, பாத்தனீரே? விழேக்க கால் முறியாமல் தானாத் திறக்கும். ஆளின்ர நிறைக்குத் தக்கமாதிரி ஸ்பிறிங்கை முறுக்கி வைக்கலாம். நல்லாச் செய்திருக்கிறாங்கள்."

"ஓமோ?" என்றேன்.

அடுத்த நாள் மலையடிவார அலுவலகத்துக்கு எடுத்து, பாக்கி இல்லை என்பதையும், அந்தக் கிழமை அவர்களுடைய பெயரில்தான் இருக்கிறது என்பதையும் உறுதி செய்துகொண்டேன். ஒரு வக்கீல் மூலம் பெயர் மாற்றினோம். கோடை முடிவதற்குள் எல்லாம் சரிவந்தது.

இனசனத்துக்கு விளங்கப்படுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. அஜின்கோர்ட்டில் இருந்த மச்சாள் செய்தி கேட்டு அன்று பின்னேரமே வந்துவிட்டா.

"வீடு வாங்கினனீங்களாமே?"

"வீடில்லை மச்சாள், கிழமை."

"கிழமையோ? கிழமையை என்னெண்டு வாங்கிறது? மற்ற நாளில ஆர் இருக்கிறது?"

"வேற ஆக்கள்."

"எங்கட கட்டில்லயோ?"

"ஓம்."

மச்சாள் தம்பியைப் பார்த்தா. அவர் யன்னலைப் பார்த்தார். "நீ உவவைக் கேக்கிறேல்லையோ?" என்றா. "கேட்டனான். பூட்டு நல்ல பூட்டு" என்று அவர் சொன்னது அவவுக்கு இன்னும் குழப்பத்தைத்தான் கொடுத்தது.

மார்ச் வந்தது. அரிசி அவிக்கிற சட்டி, கறித்தூள், செத்தல் மிளகாய், கத்தி, பிள்ளைகளின் தடித்த உடுப்புகள் என்று கார் நிறைந்துபோயிற்று. போன அன்று பின்னேரமே சம்பலுக்கு மிளகாய் பொரித்தேன். இரண்டாவது பிடி மிளகாய் எண்ணெயில் விழ முன்னம் கூரையில் இருந்த புகை மணி அலறத் தொடங்கியது. பராமரிப்புக்காரர் தீயணைப்புக் கருவியுடன் ஓடி வந்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழிய என் சட்டியைப் பார்த்துவிட்டு, "இதைச் சாப்பிடப் போகிறீர்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து பொரியல் எல்லாம் யன்னலைத் திறந்து வைத்துத்தான்.

அடுத்த நாள் நானும் பிள்ளைகளும் வகுப்பில் சேர்ந்தோம். மகள் தெரிந்தவர்களுடைய வகுப்புக்குப் போனாள். தொடக்க வகுப்பில் நானும் மகனும், அவனிலும் சின்னப் பிள்ளைகள் ஒரு கூட்டமும். முன்னால் கட்டையின் நுனிகளைச் சேர்த்து, பின்னால் அகட்டி, கால்களைப் பீட்சாத் துண்டு மாதிரி வைக்கவேண்டும் என்று பயிற்சிக்காரப் பெண் சொன்னாள். பிள்ளைகள் அப்படியே வைத்தார்கள். என் கால்கள் நான் சொல்வதைக் கேட்கவில்லை. விழுந்தேன், எழும்பினேன், வேலி வலையில் போய் மோதினேன், திரும்பவும் எழும்பினேன். வெட்கமாக இருக்கவில்லை. வயது வந்த பிறகு இப்படி விழுந்து எழும்ப எனக்கு யார் இடம் கொடுத்தார்கள்? மறுநாள் மத்தியானம், விழாமல் அடிவரை வந்து, நினைத்த இடத்தில் நின்றேன். அந்தச் சின்னச் சரிவில் நான் நின்ற மாதிரி யாரும் நின்றிருக்க மாட்டார்கள்.

என் கணவர் இரண்டு நாளும் யன்னலோரம் தேத்தண்ணியுடன் இருந்தார். மூன்றாம் நாள் காலை எங்களுக்கு முன்னமே உடுத்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பூட்டு வேலை செய்யுதோ எண்டு ஒருக்காப் பாக்கோணும்" என்றார்.

வகுப்புக்கெல்லாம் அவர் நிற்கவில்லை. மகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, சின்னச் சரிவின் மேலிருந்து நேரே விட்டார். திரும்பத் தெரியாது, நிற்பாட்டத் தெரியாது. பாதி வழியில் தலைகுப்புற விழ, இரண்டு கட்டையும் இரண்டு பக்கமாகப் பறந்தன. நான் பதறிக்கொண்டு கிட்டப் போனேன். அவர் மல்லாந்து கிடந்தபடி, தாடியெல்லாம் பனியாய், சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீரே! ரெண்டும் திறந்திட்டுது!"

அன்று பின்னேரம் வரை அவரைச் சரிவிலிருந்து இறக்க முடியவில்லை.

கடைசி நாள் நானும் மகளும் கதிரையில் ஏறி மேலே போனோம். கதைத்துக்கொண்டே பிழையான வரிசையில் நின்றிருக்கிறோம். இறங்கிப் பார்த்தால் அது மலையின் உச்சி. எதிரே ஏரி நீலமாக விரிந்து கிடந்தது, காலடியில் சரிவு சுவர் மாதிரி இறங்கியது.

"அம்மா, கீழ பாக்காதேங்கோ. என்ர முதுகை மட்டும் பாருங்கோ. ஜஸ்ற் ஃபொலோ மீ."

அவள் சரிவின் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்குக் குறுக்கே போய் நின்றாள். நானும் போய் நின்றேன். திரும்பி, மற்றப் பக்கம் குறுக்கே போனாள். நானும் போனேன். ஓரிடத்தில் விழுந்து, இருந்தபடியே நல்ல தூரம் வழுக்கினேன். அவள் கீழே நின்று, "தட்ஸ் ஓகே, அதுவும் ஒரு வழிதான்" என்றாள். மற்றவர்கள் இமைப்பொழுதில் இறங்குகிற சரிவை நாங்கள் அங்கும் இங்கும் தைத்துத் தைத்து இறங்கினோம். அடிக்கு வந்தோம். திரும்பி மேலே பார்த்தேன். அங்கிருந்து இறங்கினவள் நான்தான் என்று நினைக்க நெஞ்சு நிமிர்ந்தது. திரும்ப ஒருமுறை போவோம் என்று மகளைக் கேட்டேன். போனோம்.

அடுத்த வருடம் போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அதே கிழமையை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அதே கிழமையில்தான் வருவார்கள். பக்கத்துக் கதவில் ஓர் இத்தாலியக் குடும்பம், எதிரே இரட்டைப் பெண்பிள்ளைகளுடன் ஒரு தாய். வருடத்தில் ஒரு கிழமை மட்டும் அயலவர்களாக இருந்தோம். சனிக்கிழமை வந்து கதவைத் திறந்ததும் யார் வளர்ந்திருக்கிறார்கள், யாருக்குப் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

வீட்டுச் சொந்தக்காரர்களின் கூட்டமும் அந்தக் கிழமையில்தான் நடந்தது. நான் போய் முன்வரிசையில் இருந்தேன். கட்டணம் ஏறுவதைப் பற்றிக் கணக்காளர் விளக்கி முடித்து, கேள்வி உண்டா என்றபோது எழுந்தேன்.

"கட்டணம் ஏற்றுகிறீர்கள், சரி. ஆனால் அடுப்புக்கு மேலே இருக்கிற காற்றாடி புகையை வெளியே தள்ளாமல் எங்கள் முகத்துக்கே திருப்பி விடுகிறது. அதை எப்போது மாற்றுவீர்கள்?"

சிலர் சிரித்தார்கள். பக்கத்துக் கதவு இத்தாலிய அம்மா எழுந்து, தானும் ஒவ்வொரு வருடமும் மீன் பொரித்து அந்த மணியை அடிக்க விடுவதாகச் சொன்னார். பிறகு இன்னும் கைகள் உயர்ந்தன. அடுத்த மாரிக்குள் எல்லா வீட்டிலும் காற்றாடி மாற்றினார்கள். அந்த இத்தாலிய அம்மா என்னைச் சொந்தக்காரர் குழுவுக்கு முன்மொழிந்தார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மார்ச்சில் மச்சாளும் அவவின் கணவர் அத்தானும் எங்களுடன் வந்தார்கள். வந்த மறுநாளே மழை தொடங்கியது. சரிவுகளில் மண் தெரிந்தது, கதிரைகள் ஓடாமல் தொங்கின. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அறைக்குள் கிடந்தாள். என் கணவர் மணிக்கொருதரம் வெளியே போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பனி வழிப்பதற்கு ஏசிய மனிதர், பனி இல்லையென்று ஏசினார்.

"உதுக்கோ வாங்கினனீங்கள்?" என்று மச்சாள் கேட்டா.

நான் கொத்துரொட்டிக்கு மாக் குழைத்தேன். ரொட்டி வெட்டுகிற சத்தத்துக்குப் பக்கத்துக் கதவு திறந்தது. இத்தாலியக் குடும்பம் ஒரு பெரிய தட்டில் பாணும் சீஸும் கொண்டு வந்தது, எதிர்வீட்டு இரட்டையர் சீட்டுக்கட்டுடன் வந்தார்கள். மகளும் அறையிலிருந்து வெளியே வந்தாள். இருக்க இடமில்லாமல் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். மச்சாள் கொஞ்ச நேரம் கதிரை நுனியில் இருந்து பார்த்தா. பிறகு எழும்பி வந்து என் கையிலிருந்த தட்டகப்பையை வாங்கினா.

"நீ போய் இரு. இவ்வளவு சனத்துக்கு உந்த ரொட்டி காணாது" என்றா.

மழை விடவில்லை. நான் போய் இத்தாலிய அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.